மல்லாவி, துணுக்காய் பக்கம் குடியை விட உதவுற கூட்டம் ஏதும் நடக்குதோ?

பாலியாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்காகக் கேக்கிறன். மேசன் வேலை, ரெண்டு பிள்ளையள். முந்தி சனிக்கிழமை கூலி கையில வந்தா மட்டும்தான் குடிப்பான். இப்ப காலமை எழும்பினவுடன கை நடுங்குது. ஒரு கால் போத்தில் உள்ள போனாத்தான் சீமெந்துக் கரண்டி பிடிக்கலாம் எண்ட நிலை. காசில்லாட்டி கசிப்பு. பிடிச்ச வேலையை அரைவாசியில விட்டிட்டு நிக்கிறான், அட்வான்ஸ் குடுத்த ஆக்கள் வீட்டு வாசலுக்கு வந்திட்டினம்.

இவ்வளவு காலமும் ஏதும் சொன்னா எரிஞ்சு விழுவான். இப்ப தானாவே வந்து “அக்கா, உதை விடவேணும், தனிய ஏலாது” எண்டு சொல்லுறான். அந்தச் சூடு ஆறமுன்னம் ஏதாவது செய்யவேணும். குடியை விட்ட ஆக்கள் ஒண்டாக்கூடிக் கதைக்கிற வட்டம் இருக்காம், ஏஏ (அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்) எண்டு சொல்லுறவை. எங்கட பக்கம் ஏதும் இருக்கோ? கிளிநொச்சி, வவுனியா எண்டாலும் பரவாயில்லை. பதியவேணுமோ, காசு எவ்வளவு, ஜீஎஸ், பொலிஸ் ஆருக்கும் தெரியவருமோ? அவனுக்கு இருக்கிற பெரிய பயமே அதுதான்.

இன்னொண்டு. மாமி ஃபேஸ்புக்கில விளம்பரம் பாத்து ஒரு பவுடர் எடுப்பிச்சு வைச்சிருக்கிறா. கறியில கலந்து குடுத்தா ஆளுக்குத் தெரியாமலே குடி வெறுத்துப்போகுமாம். குடுக்கலாமோ?

இரவுக் கடமை:

அக்கா, வட்டத்தைப் பற்றி மற்ற ஆக்கள் சொல்லட்டும். நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறனான், அதால முதல்ல உடம்பைப் பற்றிச் சொல்லிப்போடுறன்.

காலமை கை நடுங்கி, குடிச்சவுடன நிக்குது எண்டா உடம்பு சாராயத்தில தங்கிப்போச்சு எண்டு அர்த்தம். இப்பிடியான ஆளை வீட்டில பூட்டி வைச்சு ஒரேயடியா நிப்பாட்டவே கூடாது. கடைசியாக் குடிச்சு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு நடுக்கம், வேர்வை, சத்தி எண்டு தொடங்கும். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம், மூண்டாம் நாளில சிலருக்கு புத்தி தடுமாறி, சுவரில பூச்சி ஓடுது, வாசலில ஆக்கள் நிக்கினம் எண்டெல்லாம் சொல்லத் தொடங்குவினம். வீட்டுக்காரர் பேய் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சு கோயிலுக்குக் கொண்டு ஓடுவினம். அது டெலிரியம் ட்ரெமென்ஸ். வைத்தியம் கிடைக்காட்டி உயிர் போற வருத்தம்.

வாட்டில வைச்சா டயசிபாம் மாதிரி மருந்தை முதல்ல கூடக் குடுத்து, நாளுக்கு நாள் குறைச்சு, தயமின் ஊசியும் போட்டு அனேகமா ஒரு கிழமைக்குள்ள தாண்ட வைப்பினம். தயமின் எண்டது விற்றமின் பி1. நெடுகக் குடிக்கிற ஆளுக்கு அது வத்திப்போயிருக்கும். அது போடாமல் வெறும் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏத்தினா மூளைக்கு ஆபத்து. “பக்கத்துக் கிளினிக்கில ஒரு சேலைன் ஏத்தினாச் சரி” எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ.

அந்தப் பவுடரில என்ன கிடக்கெண்டு விக்கிறவனைத் தவிர ஆருக்குத் தெரியும்? டைசல்பிராம் கலந்திருந்தா, அது தெரியாமல் ஆள் போய்க் குடிச்சவுடன முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழும். இருதய வருத்தம் இருந்தா ஆள் முடிஞ்சுது. அந்த மருந்து டொக்டர் எழுதி, குடிக்கிற ஆள் தெரிஞ்சு, சம்மதிச்சுப் போடுறது. மாமியிட்ட இருந்து அதை வாங்கி எறியுங்கோ.

கிளிநொச்சி, முல்லைத்தீவு (மாஞ்சோலை), வவுனியா மூண்டு மாவட்ட ஆஸ்பத்திரியிலயும் உளநலப் பிரிவு இருக்கு. மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குப் போய் உள்ளதைச் சொன்னா அங்க இருந்தே கடிதம் தருவினம். போகமுன்னம் கதைக்கவேணுமெண்டா 1926 தேசிய மனநல நிறுவகத்தின்ர நம்பர், 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ர நம்பர்.

நெடுங்கேணியான்:

மருந்தும் வேண்டாம் வட்டமும் வேண்டாம் பிள்ளை. எங்கட அப்பு வட்டாப்பளை அம்மாள் வாசலில சத்தியம் பண்ணினவர், சாகுமட்டும் தொடேல்லை. மனசிலதான் எல்லாம் இருக்கு. இந்தக் காலத்துப் பெடியளுக்கு எல்லாத்துக்கும் ஒரு மீற்றிங்.

கணுக்கேணி:

அப்புவுக்கு அம்மாள் கைகுடுத்தவா, சந்தோசம். நான் போற வட்டத்தில இருக்கிற அரைவாசிப்பேர் உதே வாசலில சத்தியம் பண்ணிப்போட்டு வந்தவைதான் அண்ணை. அம்மாளில பிழையில்லை. பொங்கல் முடிஞ்சு வீட்டை வந்தா, வாசலில நிக்கிறவன் பழைய கூட்டாளி. அம்மாளைக் காணேலாது.

தங்கச்சி, நீங்கள் கேட்டதுக்கு வாறன். நான் குடிநோயாளி. இப்ப குடிக்கிறேல்லை. ஏ9 கரையில ஒரு ஊரில நடக்கிற வட்டத்துக்குப் போறனான். இடத்தைப் பொதுவில போட்டா அங்க வாற ஆக்களுக்குச் சங்கடம், உள்பெட்டியில தாறன்.

பதிவு இல்லை. கொப்பியில பேர் எழுதிறேல்லை. காசு கேக்கிறேல்லை. கடைசியில ஒரு தகரப்பேணி சுத்திவரும், தேத்தண்ணிக்கும் மண்டபக் கரண்டுக்கும் விரும்பினவை போடுவினம், இல்லாதவை பேணியைப் பக்கத்தாளிட்டக் குடுத்தாச் சரி. வெளியில இருந்து, அரசாங்கத்திட்ட இருந்து, என்ஜிஓவிட்ட இருந்து காசு வாங்கிறேல்லை எண்டது ஏஏயின்ர பழைய விதி. வாறதுக்கு ஒரே தகுதி, குடியை நிப்பாட்டவேணும் எண்ட விருப்பம். அது அரைமனசா இருந்தாலும் ஒருத்தரும் அளந்து பாக்கிறேல்லை.

உள்ள என்ன நடக்குது எண்டு தெரியாமல்தான் கனபேர் பயப்பிடுறவை. பிளாஸ்ரிக் கதிரையை வட்டமாப் போட்டு ஒரு பத்துப் பன்ரண்டு பேர் இருப்பம். ஒருத்தர் ஏஏ புத்தகத்தில ரெண்டு பக்கம் வாசிப்பார். பேந்து விரும்பின ஆள் தன்ர கதையைச் சொல்லுவார், அஞ்சு நிமிசமோ பத்து நிமிசமோ. இடையில குறுக்கால கதைக்கிறேல்லை, புத்தி சொல்லுறேல்லை. அதுதான் எனக்குப் பெரிய புதினமாக் கிடந்தது, எங்கட சனம் ரெண்டு பேர் கூடினா மூண்டாம் ஆளுக்குப் புத்தி சொல்லாமல் விடாதுதானே! கதைக்க விருப்பமில்லாட்டி “இண்டைக்குக் கேக்கிறன்” எண்டு சொல்லிப்போட்டு இருக்கலாம். ஒரு மணித்தியாலம், முடிஞ்சுது. புதுசா வாறவைக்குத் தேத்தண்ணி அரைக் கோப்பைதான் ஊத்துவினம். ஏனெண்டு முதல் விளங்கேல்லை. பேந்து பாத்தா, கை நடுங்கினாலும் சிந்தாது.

ஆருக்கும் தெரியவருமோ எண்டு கேட்டனீங்கள். பொய் சொல்லேல்லை, வன்னியில பேர் மறைச்சுக்கொண்டு ஒரு இடத்துக்குப் போக ஏலாது. கதவைத் திறக்கேக்கயே உவர் இன்னாற்ற மோன், உவற்ற தமக்கை இன்ன இடத்தில கட்டினது எண்டு தெரிஞ்சிடும். நான் போன முதல் நாள் உள்ள இருந்தது என்ர சின்னவளுக்குப் படிப்பிக்கிற வாத்தியார். நான் திரும்பி வெளிக்கிட்டிருப்பன். அந்தாள் ஒண்டும் கதைக்காமல் எழும்பி ஒரு கதிரையை இழுத்துத் தனக்குப் பக்கத்தில போட்டார். அதில இருந்தவன்தான். இண்டைக்கும் பள்ளிக்கூட வாசலில கண்டா “வணக்கம் சேர்”, “ஓம் ஓம், பிள்ளை கணக்கில பரவாயில்லை”, அவ்வளவும்தான். உள்ள கதைச்சது வெளிய வராது. இதை மட்டும் பிடிச்சுக் காத்தாக் காணும். தம்பிக்குச் சொல்லுங்கோ, அவர் றோட்டுக்கரையில விழுந்து கிடந்ததை ஊர் எப்பவோ பாத்திட்டுது. இனி மண்டபத்துக்குள்ள போறதைப் பாத்தா என்ன?

முதல்ல அவரை அனுப்பாதேங்கோ, முதல்ல போன் எடுக்கச் சொல்லுங்கோ. ஏஏ தொடங்கினதே ஒரு போனாலதான். 1935 மே மாசம், பில் வில்சன் எண்ட நியூயோர்க்காரர் அமெரிக்காவில அக்ரன் எண்ட ஊருக்கு வியாபார அலுவலா வந்து, அலுவல் குழம்பி, ஹோட்டல் முன்மண்டபத்தில தனிய நிக்கிறார். ஒரு பக்கம் பார். மற்றப் பக்கம் போன், பக்கத்தில ஊர்த் தேவாலயங்களின்ர பேர்ப் பட்டியல். ஆள் போனுக்குப் போய், “என்னை மாதிரி இன்னொரு குடிகாரனோட கதைக்கவேணும், ஆரும் இருக்கினமோ” எண்டு ஒவ்வொரு இடமாக் கேட்டார். அப்பிடிக் கிடைச்சவர் டொக்டர் பொப், சத்திரசிகிச்சை வைத்தியர். கால் மணித்தியாலம்தான் கதைப்பன் எண்டு வந்தவர், மணிக்கணக்காக் கதைச்சுக்கொண்டு இருந்தவர். அவர் கடைசியாக் குடிச்ச நாள், 1935 ஜூன் 10, அதைத்தான் ஏஏ தொடங்கின நாள் எண்டு வைச்சிருக்கினம். பில் அண்டைக்குப் போன் எடுத்தது தான் திரும்பக் குடிச்சிடுவனோ எண்ட பயத்தில. நான் உங்கட தம்பியோட கதைச்சாலும் எனக்கும் அது மருந்துதான், உபகாரம் எண்டு நினைக்கவேண்டாம்.

சைவநெறி:

தேவாலயம், பட்டியல் என்று எழுதும்போதே விளங்குகிறது. கஷ்டப்பட்ட குடும்பங்களைத் தேடிப்பிடித்து ஆறுதல் சொல்லிச் சபைக்குள் இழுப்பது வன்னியில் மீள்குடியேற்றக் காலம் தொட்டு நடக்கிற வேலை. குடியை விட ஏஏ வகுத்திருக்கிற பன்னிரண்டு படிகளில் எத்தனை படியில் கடவுள் வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். வட்டம் நடக்கிற இடமும் அனேகமாகத் தேவாலய மண்டபம்தான். அக்கா கவனம்.

அடம்பன் வயல்:

சைவநெறி அண்ணை, நீங்கள் சொல்லுறமாதிரி ஆக்களும் திரியினம், இல்லையெண்டில்லை. கையை வைச்சு ஜெபிச்சா குடி போயிடும், மருந்தை நிப்பாட்டு எண்டு சொல்லி, ஒரு மனுசன் வலிப்பு வந்து விழுந்ததை எனக்குத் தெரியும். அப்பிடியான இடத்துக்குப் போகவேண்டாம் எண்டுதான் நானும் சொல்லுவன். ஆனா அதை இதோட சேர்க்காதேங்கோ.

கடவுள் வாறது உண்மை. மூண்டாம் படியில “நாங்கள் விளங்கிக்கொண்டபடியான கடவுள்” எண்டுதான் வரும், ஆற்ற கடவுள் எண்டு சொல்லாது. நான் போற வட்டத்தில ஒருத்தர் மடுமாதாவைச் சொல்லுவார், ரெண்டுபேர் முறிகண்டிப் பிள்ளையாரைச் சொல்லுவினம், ஒரு பழைய இடதுசாரி அண்ணை எந்தக் கடவுளையும் சொல்லார். “எனக்கு இந்த வட்டம்தான் பெரிய சக்தி, வாசியுங்கோ கெதியா” எண்டு சத்தம் போடுவார். தேவாலய மண்டபம் ஏனெண்டா அதுதான் சும்மா தருவினம், கதிரையும் கிடக்கு. சனசமூக நிலையத்தைக் கேட்டம், “குடிகாரக் கூட்டத்துக்கோ” எண்டு சிரிச்சவை. கோயில் அன்னதான மடத்தை நீங்கள் கதைச்சு எடுத்துத் தாங்கோ, அடுத்த கிழமையே அங்க மாத்துவம்.

சைவநெறி:

கோயில் நிர்வாகத்தில் கேட்டுப் பார்க்கிறேன். வாக்குத் தரவில்லை.

ஸ்காபரோக் குளிர்:

இங்க கனடாவில எந்த ஏரியாவிலயும் மீற்றிங் இருக்கு, காலமை, மத்தியானம், இரவு எண்டு. அங்க இல்லாட்டி ஏன் கவலை? தமிழ்நாட்டு ஆக்கள் சூமில தமிழ் மீற்றிங் நடத்துகினம். கமெராவை நிப்பாட்டிப்போட்டு, பேரையும் மாத்திப் போட்டு இருந்து கேக்கலாம். ஊர்ச்சனம் பாக்குமெண்ட பிரச்சினையே இல்லை. நான் இஞ்ச வந்து சினோ தள்ளுற வேலை செய்யேக்க முதல் வருசம் உதாலதான் தப்பினனான், இங்கிலீசில மனசு திறந்து கதைக்க வரேல்லை. போன் ஒண்டு வாங்கிக் குடுத்தா தம்பிக்கு எல்லாம் வீட்டுக்குள்ளயே.

பாலியாற்றங்கரை:

அண்ணை, நன்றி. போன் இருக்கு. சிக்னலுக்குப் பாலை மரத்தடிக்குப் போகவேணும், அங்கதான் அவன்ர கூட்டாளிமாரும் இருந்து அடிக்கிறது.

கணுக்கேணி:

😀 ஸ்காபரோ அண்ணை, சூம் நல்லதுதான். மழைக்கு றோட்டு வெட்டுப்பட்ட கிழமை எங்களுக்கும் உதுதான். ஆனா தகரக்கொட்டில் வீட்டில மற்ற அறையில மனிசி பிள்ளையள், இடையில ஒரு சீலை. ஆர் என்னத்தைத் திறந்து கதைக்கிறது? பேந்து, கமெராவை நிப்பாட்டினா குடிச்சுக்கொண்டும் கேக்கலாம். நேரில வந்தா பக்கத்தில இருக்கிறவனுக்கு மணக்கும். மணந்தாலும் ஒருத்தரும் எழுப்பி விடமாட்டினம், இண்டைக்குக் கேளும் எண்டு இருத்துவினம், அது வேற.

முறிகண்டிக் கச்சான்:

ஒரு கேள்வி, கோவிக்கவேண்டாம். கூடியிருந்து கதைச்சா குடி நிக்குமெண்டதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ? எங்கட ஊரில ஒருத்தர் போனவர், அரிவி வெட்டுக் காசு வந்தவுடன பழையபடி.

இரவுக் கடமை:

நல்ல கேள்வி. கன காலமா டொக்டர்மாரே இதில ரெண்டு பக்கம்தான். 2020இல கொக்கிரேன் எண்ட அமைப்பு, ஆய்வுகளைச் சேர்த்து அலசி வெளியிடுறவை, 27 ஆய்வு, 10,565 பேற்ற தரவைப் பாத்தவை. ஒழுங்கான முறையில ஏஏயோட ஆளைச் சேர்த்துவிடுற சிகிச்சையை மற்ற நல்ல உளவியல் சிகிச்சைகளோட ஒப்பிட்டா, ஒரு வருசம் முழுக்கத் தொடாமல் இருந்தவை 42 வீதம், மற்றப் பக்கம் 35 வீதம். பெரிய மந்திரம் இல்லை, ஆனா கூட. காசும் குறைவு. அந்த ஆய்வுகள் அனேகமா அமெரிக்காவில செய்தது எண்டதையும் சேர்த்து வாசியுங்கோ, அங்க தெருவுக்கு ஒரு வட்டம், இஞ்ச மாவட்டத்துக்கு ஒண்டைத் தேடவேணும்.

42 வீதம் எண்டா மிச்ச 58 பேர் ஒருக்காலாவது குடிச்சவைதான். உங்கட ஊர்க்காரர் அதில ஒருத்தர், அவ்வளவும்தான். திரும்பப் போனவரோ எண்டுதான் கேக்கவேணும். எங்கட வாட்டில ஒரே ஆள் மூண்டாம் நாலாம் தரம் வந்து படுக்கிறதும், பேந்து ஒருநாள் வேற ஆளைக் கூட்டிக்கொண்டு வாறதும் சாதாரணம். கொஞ்சப் பேருக்கு ஆசையைக் குறைக்கிற நல்ட்ரெக்சோன் மாதிரி மருந்தும் உதவும், ஈரலைச் சோதிச்சுப்போட்டு டொக்டர் முடிவெடுப்பார். மருந்தா வட்டமா எண்டு சண்டை பிடிக்கத் தேவையில்லை, ரெண்டும் ஒண்டாப் போகலாம்.

கணுக்கேணி:

அரிவி வெட்டு எண்டது சரியான பேச்சு. மாசி பங்குனியில எங்கட கதிரையள் வெறுமையாத்தான் கிடக்கும். கையில காசு, மெசின்காரனுக்கு ஒரு போத்தில், லோட் ஏத்தினவனுக்கு ஒரு போத்தில், வயல்காரன் எடுக்காட்டி மரியாதையில்லையாம். அடுத்தது செத்தவீடும் எட்டுச்செலவும். பந்தலுக்குப் பின்பக்கம் ஒரு கூட்டம் நிக்கும், அங்க போகாட்டி “பெரியாளாப் போட்டார்” எண்டு கதை. நான் பழக்கிக்கொண்ட பதில், “மருந்து குடிக்கிறன், டொக்டர் கண்டிப்பா வேண்டாமெண்டவர்”. அதுக்கு மேல ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஈரல் எண்டொரு சொல்லையும் சேர்த்தா போத்திலை அவையளே மூடி வைக்கினம். விளக்கம் சொல்லப்போனாத்தான் மாட்டுவம்.

பந்தலுக்குப் போறதெண்டா மத்தியானத்துக்கு முன்னம் போய், முகத்தைக் காட்டி, சாப்பிட்டு, வெளிச்சத்தோட வந்திடவேணும். பொழுதுபட்டா நிலைமை வேற. முதல் ஆறு மாசம் அதுவும் வேண்டாம், மனிசியை அனுப்புங்கோ.

விளாத்தி நிழல்:

மனிசியை அனுப்புங்கோ எண்டு லேசாச் சொல்லிப்போட்டீங்கள் அண்ணை. அங்க எல்லாரும் என்னைத்தான் கேப்பினம், “எங்க மனுசன்? மப்பில கிடக்கோ?” எண்டு.

அவருக்கு வட்டம் இருக்கு, டொக்டர் இருக்கு, உங்கள மாதிரி ஆக்கள் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நுண்கடன்காரனுக்குக் கதவு திறக்கிறது நான். சங்கிலியை மாமி வீட்டு அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைக்கிறது நான். போத்திலைக் கண்டா ஊத்திறதும், ஊத்தினதுக்கு அடி வாங்கிறதும் நான். அவர் நிப்பாட்டி இப்ப நல்லா இருக்கிறார், சந்தோசம். கேற் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் வயித்துக்குள்ள ஏதோ செய்யுது. அவர் சிரிச்சுக்கொண்டு வந்தாலும் நான் முதல்ல மணந்துதான் பாக்கிறன். இதை ஆரிட்டச் சொல்லுறது? அம்மாவிட்டச் சொன்னா “இப்ப குடிக்கிறேல்லைத்தானே, இன்னும் என்ன உனக்கு” எண்டுறா.

அடம்பன் வயல்:

தங்கச்சி, குடும்பக்காரருக்கெண்டே தனி வட்டம் இருக்கு, அல்-அனொன் எண்டு பேர். பில் வில்சன்ர மனிசி லோயிஸ் 1951இல தொடங்கினது. மனுசன்மார் உள்ள மீற்றிங் வைக்கேக்க வெளியில காரில காத்துக்கொண்டு நிண்ட பெண்டுகள் தங்களுக்குள்ள கதைக்கத் தொடங்கினதில இருந்து வந்தது எண்டு சொல்லுவினம். அங்க முதல்ல சொல்லித்தாறது மூண்டு விசயம். அவற்ற குடியை நான் உண்டாக்கேல்லை, என்னால அடக்கேலாது, என்னால மாத்தேலாது. என்ர மனிசி உதைக் கேட்டுப்போட்டு அழுத அழுகை. இருவது வருசமா என்ர அம்மா அவவிட்டச் சொன்னது, “நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்” எண்டு.

எங்கட பக்கம் அல்-அனொன் வட்டம் எண்டு பேர் போட்டு நான் காணேல்லை. மனிசிமார் நாலஞ்சு பேர் கிணத்தடியில கூடினது இப்ப ஒரு வட்டம் மாதிரித்தான் நடக்குது. விருப்பமெண்டா மனிசியின்ர நம்பர் உள்பெட்டியில தாறன்.

அடி இன்னும் விழுந்தா அது வேற விசயம். அதுக்கு வட்டம் மருந்தில்லை. பிரதேச செயலகத்தில பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பா, அவவைப் பாருங்கோ. பெண்களுக்கான அவசர நம்பர் 1938.

விளாத்தி நிழல்:

அடி இப்ப இல்லை. நம்பர் தாங்கோ.

பெயர் வேண்டாம்:

பொம்பிளையள் குடிச்சா வரலாமோ? எனக்காகத்தான் கேக்கிறன். 2009க்குப் பிறகு நித்திரை வராமல் தொடங்கினது. ஒருத்தருக்கும் தெரியாது.

இரவுக் கடமை:

வரலாம் அம்மா. ஏஏயில ஆண் பெண் வித்தியாசமில்லை. ஆனா நீங்கள் முதல்ல உளநலக் கிளினிக்குக்கு வந்து, ஒரு பெண் டொக்டரோ தாதியோ வேணுமெண்டு கேளுங்கோ. அந்த நித்திரையில்லாததுக்கும் வைத்தியம் இருக்கு. குடியை மட்டும் எடுத்துப்போட்டு அதை அப்பிடியே விட்டா, இரவு திரும்ப அதே இரவாத்தான் இருக்கும். கிளினிக் நாளில நீங்கள் பிரஷருக்கு வந்ததெண்டுதான் பாக்கிறவை நினைப்பினம். உள்பெட்டியில எழுதினா நான் வேலையில நிக்கிற நாளைச் சொல்லுறன்.

பாலியாற்றங்கரை:

எல்லாருக்கும் ஒரு செய்தி. தம்பியை மல்லாவிக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்க இருந்து கடிதத்தோட பெரியாஸ்பத்திரியில நிப்பாட்டினம். ரெண்டாம் நாள் இரவு சரியாக் கஷ்டப்பட்டவன். வீட்டில வைச்சிருந்தா என்ன நடந்திருக்குமெண்டு நினைக்கவே பயமாக் கிடக்கு. இப்ப வீட்டை வந்திட்டான், சோறு தின்னுறான், தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி கேக்கிறான்.

கணுக்கேணி அண்ணையோட போனில கதைச்சவன். என்ன கதைச்சவையோ தெரியாது, வளவுக்குள்ள நடந்து நடந்து கதைச்சவன். வட்டத்துக்கும் போட்டு வந்திட்டான். பிரச்சினை பஸ்தான். பின்னேரம் தொடங்கி முடிய எங்கட பக்கம் வாற கடைசி பஸ் போயிடுது. போன தரம் டிப்பர் ஒண்டில ஏறி வந்தவன், அந்த றைவர் வழியில போத்திலைத் திறந்திருக்கிறான்! நல்லகாலம் இறங்கி நடந்திட்டான். இப்பிடி எத்தினை நாளைக்கு? இஞ்சயே ஒண்டு தொடங்கேலாதோ? ஒட்டங்குளம் பக்கமிருந்து இன்னொரு பெடியனும் வரலாமெண்டு சொல்லுறானாம்.

கணுக்கேணி:

தொடங்கலாம். ரெண்டுபேர் குடியை விடவேணுமெண்டு கூடினா அது வட்டம்தான், ஆரிட்டயும் அனுமதி எடுக்கத் தேவையில்லை. தம்பி தனிய நடத்தவேண்டாம், அவர் இப்பதான் வந்தவர். முதல் கொஞ்சக் காலம் நானும் அடம்பன் அண்ணையும் மாறி மாறி மோட்டச்சைக்கிளில வாறம்.

நாளையும் நேரத்தையும் ஒருக்கா வைச்சா மாத்தாதேங்கோ. கூலிநாள் சனிக்கிழமை பின்னேரம்தான் ஆகத் திறம், ஏனெண்டா அந்த நேரம்தான் கால் தவறணைப் பக்கம் இழுக்கிறது. வெளிச்சத்தோட தொடங்கி வெளிச்சத்தோட முடியவேணும், யானைப் பயமும் கிடக்கு. இடம் ஆற்றையேன் வீடா இருக்கக்கூடாது. வீட்டுக்காரர் ஒருக்கா விழுந்திட்டா வட்டமும் விழுந்திடும். பள்ளிக்கூட அதிபரிட்டக் கேளுங்கோ, வகுப்பறை ஒண்டு, கூட்டி விட்டிட்டுப் போறம் எண்டு. கரும்பலகையில ஒண்டும் எழுதாதேங்கோ.

கட்சிக்காரர் மணந்து வருவினம், “போதையற்ற கிராமம்” எண்டு பனர் கட்டிப் படம் எடுக்க. தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ, உள்ள விடாதேங்கோ. ஒரு படம் ஃபேஸ்புக்கில வந்தாப் போதும், அடுத்த கிழமை ஒருத்தரும் வராயினம்.

சீனி கூட வாங்குங்கோ. கோப்பை பத்துக் காணும்.

சைவநெறி:

நிர்வாகத்தில் கதைத்தேன். அன்னதான மடம் சனிக்கிழமைகளில் தரலாம், திருவிழா நாட்களில் மட்டும் இல்லை. செருப்பு வெளியில், மச்சம் கொண்டுவரக்கூடாது. இடம் துணுக்காய்க்குக் கிட்ட, விபரம் கணுக்கேணிக்கு அனுப்பியிருக்கிறேன். சாவியைத் தலைவர் வைத்திருக்கிறார்.

கணுக்கேணி:

பெரிய உதவி அண்ணை. சாவி மட்டும் ரெண்டு வெட்டுவிப்பம், ஒண்டு தலைவரிட்டயே இருக்கட்டும். தலைவர் செத்தவீட்டுக்குப் போன நாளில ஆறுபேர் பூட்டின கதவுக்கு முன்னால நிண்டா, அவையள் அடுத்துப் போற இடம் எதெண்டு எனக்குத் தெரியும். வெட்டுற காசு நான் தாறன்.

சைவநெறி:

சரி. வெட்டுவிக்கிறேன்.

முறிகண்டிக் கச்சான்:

சனிக்கிழமை எத்தினை மணிக்கு? எங்கட ஊர்க்காரரையும் ஏத்திக்கொண்டு வரலாமெண்டு பாக்கிறன்.

கணுக்கேணி:

நாலு மணிக்கு. ஆள் மப்பா இருந்தாலும் ஏத்திக்கொண்டு வாங்கோ, மோட்டச்சைக்கிளில பின்னால கட்டாதேங்கோ, ஓட்டோ பிடியுங்கோ.